நான்கு வாரம், நான்கு மாதம்: மெல்விலின் 'டைப்பி'

லண்டன் பதிப்பாளர் ஜான் முர்ரேவுக்குக் கதைப் புத்தகம் ஆகாது. அவர் நடத்திய 'ஹோம் அண்ட் கொலோனியல் லைப்ரரி' வரிசையில் பயண நூல்களுக்கும் நேரில் கண்டவர்கள் எழுதியவற்றுக்கும்தான் இடம். 1845இல் அவர் மேசைக்கு ஓர் அமெரிக்கக் கைப்பிரதி வந்து சேர்ந்தது. எழுதியவருக்கு 26 வயது. திமிங்கல வேட்டைக் கப்பலைவிட்டு ஓடிப்போய், மனிதக்கறி தின்பவர்கள் என்று பேரெடுத்த ஒரு குலத்தாரிடம், பசிபிக் தீவு ஒன்றில் நான்கு மாதம் சிக்கியிருந்ததாகச் சொல்லியிருந்தார். முர்ரேவுக்குச் சந்தேகம். சாதாரண மாலுமி ஒருவன் இவ்வளவு தேர்ந்த நடையில் எழுதுவானா?

நியூயார்க்கின் ஹார்ப்பர் பதிப்பகம் அதே கைப்பிரதியை முன்பே திருப்பி அனுப்பியிருந்தது. இது உண்மையாக இருக்க முடியாது என்பதே அவர்கள் சொன்ன காரணம். ஆசிரியரின் அண்ணன் கான்ஸ்வோர்ட் லண்டனில் அமெரிக்கத் தூதரகத்தில் செயலாளர். அவர்தான் முர்ரேவிடம் பேசிப் பேசிக் காரியத்தை முடித்தார். நம்பகத்தன்மை கூடட்டும் என்று ஆசிரியர் தீவு மக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றிப் புதிய அத்தியாயங்களைச் சேர்த்துக் கொடுத்தார். 1846 பிப்ரவரியில் லண்டனிலும் அடுத்த மாதம் நியூயார்க்கிலும் புத்தகம் வெளிவந்தது. 'டைப்பி' என்ற அமெரிக்கத் தலைப்பே நிலைத்தது. ஹெர்மன் மெல்விலின் முதல் நூல் அது. ஐந்து ஆண்டு கழித்து வரப்போகும் 'மோபி டிக்'கை அப்போது யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

உண்மையா, புளுகா என்ற கேள்வி புத்தகத்தை விடாமல் துரத்தியது. விசித்திரம் என்னவென்றால், வாசகர்கள் சாட்சி கேட்டு ஏற்றுக்கொண்ட சாகசப் பகுதியில்தான் கற்பனை அதிகம். அவர்கள் கோபப்பட்டு வெட்டச் சொன்ன பக்கங்களில்தான் ஆசிரியர் தம் கண்ணால் பார்த்தவை நிறைய இருந்தன.

முதலில் கப்பலைப் பார்த்துவிடலாம். 1840களில் அமெரிக்காவின் திமிங்கலக் கப்பல்கள் 700க்கும் மேல். வீட்டு விளக்குகளுக்கும் கலங்கரை விளக்கங்களுக்கும் எண்ணெய், ஆலை இயந்திரங்களுக்கு மசகு, பணக்கார வீடுகளுக்குப் புகையில்லா மெழுகுவர்த்தி என எல்லாவற்றுக்கும் திமிங்கலமே மூலம். அட்லாண்டிக்கில் வேட்டை மெலிந்துபோனதும் கப்பல்கள் தென்னமெரிக்க முனையைச் சுற்றிக்கொண்டு பசிபிக்குக்கு வந்தன. ஒருமுறை புறப்பட்டால் மூன்று, நான்கு ஆண்டுகள். கொன்ற திமிங்கலத்தைக் கப்பலின் பக்கவாட்டில் கட்டி, கொழுப்பை உரித்து, மேல்தளத்திலேயே செங்கல் அடுப்பு மூட்டிக் காய்ச்சி, எண்ணெயைப் பீப்பாய்களில் நிரப்புவார்கள். மிதக்கும் ஆலை என்றே சொல்லலாம்.

சம்பளம் கிடையாது, பங்குதான். மெல்வில் 1841 ஜனவரி 3 அன்று மாசசூசெட்ஸின் ஃபேர்ஹேவன் துறையிலிருந்து 'அக்குஷ்நெட்' கப்பலில் புறப்பட்டபோது அவருக்குப் பேசியது 175இல் ஒரு பங்கு. அதாவது, 175 பீப்பாய் எண்ணெய் சேர்ந்தால் அவர் கணக்கில் ஒரு பீப்பாய். வழியில் கப்பல் கடையில் வாங்கும் சட்டையும் புகையிலையும் அந்தப் பங்கிலிருந்து கழிக்கப்படும். மூன்றாண்டு உழைத்தவன் கரையிறங்கும்போது கையில் மிஞ்சுவது சொற்பம். சிலர் கடனோடும் இறங்கினார்கள். ஆகவே பாதி வழியில் ஓடிப்போனால் மாலுமிக்குப் பெரிய நஷ்டமில்லை. ஓடியவனின் பங்கு முதலாளிக்கு மிச்சம் என்பதால் அவர் பக்கத்திலும் பெரிய துக்கமில்லை. மெல்வில் ஓடியதை ஏதோ கவிமனத்தின் கலகமாக எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. அக்குஷ்நெட்டிலிருந்து ஓடியவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. யார் யார் எந்தத் துறைமுகத்தில் கழன்றுகொண்டார்கள், என்ன ஆனார்கள் என்று பழைய சகமாலுமி ஒருவர் சொல்லக் கேட்டு அவரே பின்னாளில் ஒரு குறிப்பு எழுதிவைத்தார்.

அவர் கடலுக்கு வந்த காரணமும் பணம்தான். நியூயார்க்கில் துணி இறக்குமதி வியாபாரம் செய்த தந்தை நொடித்துப்போய் 1832இல் இறந்தபோது பையனுக்கு வயது 12. வங்கியில் எழுத்தர், பள்ளிக்கூட வாத்தியார், லிவர்பூலுக்குப் போய் வந்த சரக்குக் கப்பலில் எடுபிடி என்று எதிலும் நிலைக்கவில்லை. அக்குஷ்நெட் அவருக்குக் கடைசிப் புகலிடம்.

1842 ஜூன் மாதத்தில் கப்பல் மார்க்கேசஸ் தீவுகளில் ஒன்றான நுகுஹிவாவின் டயோஹே விரிகுடாவில் நங்கூரமிட்டது. அங்கே ஏற்கெனவே பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் நின்றுகொண்டிருந்தன. தளபதி அபெல் துபெதி துவார் சில வாரங்களுக்கு முன்புதான் அந்தத் தீவுக்கூட்டத்தைப் பிரான்சுக்குச் சொந்தமென்று அறிவித்திருந்தார். ஒரு நிலம் பிறர் கைக்குப் போகும் நாட்களில் அங்கே போய் இறங்கும் வாய்ப்பு எழுத்தாளர்களுக்கு அபூர்வமாகவே கிடைக்கும். ஓலைக்குடிசைகளை மிரட்ட இத்தனை பீரங்கிகளா என்று 'டைப்பி' ஆரம்பத்திலேயே கிண்டல் செய்கிறது. செப்டம்பரில் டஹிட்டிக்குப் போனால், அங்கும் அதே தளபதி அரசி நான்காம் பொமாரேயின் ஆட்சியைப் பிரெஞ்சுப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்திருந்தார். மறு ஆண்டு ஹொனலூலுவுக்குப் போனால், அங்கே ஒரு பிரிட்டிஷ் கப்பல் தலைவர் ஹவாயையே சில மாதம் பிடித்துவைத்திருந்தார். மெல்வில் போன இடமெல்லாம் கொடி மாறிக்கொண்டிருந்தது.

ஜூலை 9 அன்று மெல்விலும் ரிச்சர்ட் டோபியாஸ் கிரீன் என்ற தோழனும் மலைப்பக்கம் ஓடினார்கள். புத்தகத்தில் அவர்கள் டாமோ, டோபி. மழையிலும் பசியிலும் முகட்டுக்கு முகடு தடுமாறி, அருவியோரப் பாறைகளில் தொங்கி, ஒரு பள்ளத்தாக்கில் இறங்குகிறார்கள். அது சாதுவான ஹாப்பர் குலத்தின் இடமா, கப்பல்காரர்கள் பேரைக் கேட்டாலே நடுங்கும் டைப்பிகளின் இடமா என்று தெரியவில்லை. தலைவன் மெஹெவி இருவரையும் உட்காரவைத்து, கண் இமைக்காமல் பார்த்து, நீங்கள் யார் பக்கம் என்று கேட்கிறான். டாமோ குருட்டாம்போக்கில் டைப்பி என்கிறான். அந்த ஒரு விடையில் உயிர் பிழைக்கிறது. சாகசக் கதைகளில் இவ்வளவு இறுக்கமான காட்சிகள் அதிகமில்லை.

பிறகு புத்தகத்தின் வேகம் குறைந்து, பள்ளத்தாக்கின் வாழ்க்கை விரிகிறது. டாமோவின் கால் வீங்கி நடக்க முடியாமல் போகிறது. கோரிகோரி என்ற இளைஞன் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போகிறான், குளிப்பாட்டுகிறான், வேண்டாம் வேண்டாமென்றாலும் ஊட்டிவிடுகிறான். ஈரப்பலாவை நெருப்பில் சுட்டு இடித்துக் கூழாக்குவதும், பறித்ததில் ஒரு பகுதியை இலைபோட்டு மண்ணுக்குள் புளிக்கவைத்துப் பஞ்ச காலத்துக்குச் சேமிப்பதும், மரப்பட்டையை ஊறவைத்துத் தட்டித் துணியாக்குவதும் நிதானமாக வருகின்றன. நெருப்பு உண்டாக்குவதை மெல்வில் ஒரு முழுக் காட்சியாக்குகிறார். காய்ந்த கட்டையின்மேல் கோரிகோரி குந்தி, ஒரு குச்சியை முன்னும் பின்னும் தேய்க்கிறான். முதலில் சோம்பலாக, பிறகு வெறிகொண்டவன் போல. வியர்வை கொட்டுகிறது, கண் பிதுங்குகிறது, விரல் வலிக்கிறது. கடைசியில் பள்ளத்தில் சேர்ந்த தூளிலிருந்து இழைபோல ஒரு புகை. இது ஏட்டைப் பார்த்து எழுதிய பகுதி போலத் தோன்றவில்லை.

ஏட்டைப் பார்த்து எழுதியவையும் உண்டு, நிறையவே. 1939இல் சார்லஸ் ராபர்ட்ஸ் ஆண்டர்சன் 'மெல்வில் இன் தி சவுத் சீஸ்' என்ற ஆய்வை வெளியிட்டார். கப்பல் ஆவணங்களை ஒப்பிட்டு அவர் காட்டியது: மெல்வில் நுகுஹிவாவில் கரையில் இருந்ததே ஜூலை 9 முதல் ஆகஸ்ட் 9 வரை. நான்கு மாதம் அல்ல, ஏறக்குறைய நான்கு வாரம். மலைகளில் அலைந்த நாட்களைக் கழித்தால் பள்ளத்தாக்கில் தங்கியது இன்னும் குறைவு. அதற்குள் ஒரு மொழியைக் கற்று, சமயத்தையும் திருமண முறையையும் விளங்கிக்கொள்வது நடக்கிற காரியமில்லை. அந்த இடைவெளியை அவர் அமெரிக்கக் கடற்படைத் தளபதி டேவிட் போர்ட்டர், பாதிரியார் சார்லஸ் ஸ்டூவர்ட், வில்லியம் எல்லிஸ் போன்றவர்களின் நூல்களைக் கொண்டு நிரப்பினார். போர்ட்டரின் நூல் தம் கண்ணில் பட்டதே இல்லை என்று 'டைப்பி'யில் எழுதியிருக்கிறார். அதைவிடத் துணிச்சலான பொய் அந்தப் புத்தகத்தில் வேறில்லை.

நீலக்கண் அழகி ஃபாயவே ஏரியில் படகின் முனையில் நின்று, உடுத்தியிருந்த மரப்பட்டைத் துணியை அவிழ்த்துக் காற்றில் பாயாக விரிக்கும் காட்சிதான் பத்தொன்பதாம் நூற்றாண்டு வாசகர்களைக் கிறங்கவைத்தது. டைப்பிப் பள்ளத்தாக்கில் ஏரி கிடையாது. பெண்கள் படகில் ஏறக்கூடாதென்ற தபு விலக்கை டாமோ பூசாரிகளிடம் வாதாடித் தளர்த்தவைத்தான் என்ற முன்கதையும் அந்த ஏரியோடு ஆவியாகிவிடுகிறது.

போர்ட்டர் பெயர் வந்ததால் சொல்ல வேண்டியது ஒன்று. 1813இல் பிரிட்டனோடு போர் நடந்துகொண்டிருந்தபோது அவர் 'எசெக்ஸ்' என்ற போர்க்கப்பலோடு நுகுஹிவாவுக்கு வந்து, தீவை அமெரிக்காவுக்குச் சொந்தமென்று அறிவித்தார். வாஷிங்டன் அதை ஏற்கவேயில்லை. உள்ளூர்ப் பகைக்குள் தலையிட்டு டைப்பிகள்மேல் படையெடுத்தார். கடற்கரை வழியாகப் போன முதல் முயற்சி தோற்றது. இரண்டாம் முறை மலையேறி இறங்கி, ஊர் ஊராகக் கொளுத்தினார். மெல்வில் இந்தப் படையெடுப்பை டைப்பிகளின் பக்கம் நின்று திருப்பிச் சொல்கிறார். வீட்டையும் கோயிலையும் எரித்தவர்களைக் கண்டால் அந்த மக்கள் வேறு எப்படி நடந்துகொள்வார்கள் என்பது அவர் வாதம். தகவல் கடன் வாங்கியதுதான். ஆனால், வாங்கிய தகவலைக் கொடுத்தவருக்கு எதிராகவே திருப்பினார்.

மனிதக்கறி விஷயத்துக்கு வருவோம். புத்தகம் முழுக்க அந்த அச்சம் கூடவே நடக்கிறது. உதவி தேடிப் போன டோபி திரும்பவில்லை. கூரையில் தொங்கும் மூட்டைகளில் பதப்படுத்திய மூன்று தலைகளை டாமோ பார்த்துவிடுகிறான். அவற்றில் ஒன்று வெள்ளைக்காரனுடையது. ஹாப்பர்களோடு நடந்த மோதலுக்குப் பிறகு ஒரு விருந்து நடக்கிறது. மூடியிருந்த மரத்தொட்டியின் மூடியைச் சற்றுத் தூக்கினால் உள்ளே எலும்புகள். அவ்வளவுதான். யாரும் தின்பதை அவன் பார்க்கவில்லை. மார்க்கேசஸ் மக்களிடம் பகைவரின் உடலைச் சடங்காக உண்ணும் வழக்கம் இருந்ததைப் பல ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். அது எவ்வளவு, எத்தனை முறை என்பதில்தான் தகராறு. மெல்வில் அதை மறுக்கவில்லை. இங்கிலாந்தில் ராஜத்துரோகிகளைக் கொன்று உடலைக் கூறுபோட்ட தண்டனையைப் பக்கத்தில் வைத்து, எது கொடூரம் என்று கேட்கிறார்.

இந்த அச்சத்துக்குத் திமிங்கல வேட்டைக்காரர்கள் கொடுத்த விலை சாதாரணமானதல்ல. 1820 நவம்பர் 20 அன்று நன்டக்கெட்டைச் சேர்ந்த இன்னொரு 'எசெக்ஸ்' கப்பலை, இது திமிங்கலக் கப்பல், ஒரு ஸ்பெர்ம் திமிங்கலம் முட்டி மூழ்கடித்தது. 20 பேர் மூன்று படகுகளில் நடுக்கடலில் நின்றார்கள். காற்று வாகான திசையில் மார்க்கேசஸ் தீவுகள் இருந்தன. அதைத் தாண்டி டஹிட்டி. அங்கே மனிதனைத் தின்பார்கள் என்று பயந்து, எதிர்த்திசையில் பல மடங்கு தொலைவிலிருந்த தென்னமெரிக்காவை நோக்கித் துடுப்புப் போட்டார்கள். வழியில் உணவு தீர்ந்தது. இறந்தவர்களைத் தின்றார்கள். பிறகு சீட்டுப்போட்டு ஓர் இளைஞனைச் சுட்டுத் தின்றார்கள். எட்டுப் பேர்தான் மீண்டார்கள். அவர்களில் ஒருவரான ஓவன் சேஸ் எழுதிய புத்தகத்தை, அக்குஷ்நெட்டில் இருந்தபோது சேஸின் மகனிடமே வாங்கிப் படித்தவர் மெல்வில். நேராக டஹிட்டிக்குப் போயிருந்தால் இத்தனை துன்பமும் நேர்ந்திராது என்று, பின்னாளில் தமக்குக் கிடைத்த பிரதியில் குறிப்பெழுதி வைத்தார்.

டைப்பிகளிடம் டாமோவை உண்மையிலேயே உலுக்குவது வேறொன்று. பச்சை குத்தும் கலைஞன் கார்க்கி அவன் முகத்தைப் பார்த்துப் பரவசமடைகிறான். இப்படி ஒரு வெள்ளைத் தோல் கிடைக்குமா! கையில் குத்திக்கொள் என்று டாமோ பேரம் பேசுகிறான். கார்க்கிக்கும் மெஹெவிக்கும் முகம்தான் வேண்டும். முகத்தில் குத்திவிட்டால் ஊர் திரும்பவே முடியாது. கறியாகிச் சாவதைவிட அவர்களில் ஒருவனாகி வாழ்வதுதான் அவனுக்குப் பெரிய பயம் என்பதை மெல்வில் மறைக்கவில்லை. பள்ளத்தாக்கைச் சொர்க்கமாக வருணித்தவன் அங்கிருந்து தப்பும்போது, நீந்தித் துரத்திவந்த ஒரு தலைவனின் தொண்டையில் படகுக் கொக்கியால் குத்துகிறான். ஐந்து ஆண்டு கழித்து 'மோபி டிக்'கில் உடலெல்லாம் பச்சை குத்திய குவீக்வெக்கோடு இஸ்மாயில் ஒரே கட்டிலில் நிம்மதியாகத் தூங்கினான் என்றால், கார்க்கியிடம் மிரண்டு நின்ற டாமோவைத் தாண்டித்தான் மெல்வில் அங்கே வந்து சேர்ந்திருக்கிறார்.

புத்தகம் வெளிவந்ததும் நதானியல் ஹாதர்ன் பாராட்டி மதிப்புரை எழுதினார். வால்ட் விட்மனும் எழுதினார். சமயப் பத்திரிகைகள் கொதித்தன. இது கட்டுக்கதை என்று வேறு சிலர் எழுதினார்கள். 1846 ஜூலையில் பஃபலோ நகரச் செய்தித்தாளில் ஒரு கடிதம்: நான்தான் டோபி, உயிரோடு இருக்கிறேன், புத்தகத்தில் என் சம்பந்தப்பட்டதெல்லாம் உண்மை. எழுதியவர் ரிச்சர்ட் கிரீன், விளம்பரப் பலகை எழுதும் தொழிலாளி. மெல்விலுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். டோபியின் கதையைத் தனிப்பகுதியாக எழுதிச் சேர்த்தார். டோபி பாதியிலேயே பள்ளத்தாக்கைவிட்டுப் போனவர். நான்கு மாதத்துக்கோ ஏரிக்கோ அவர் சாட்சியாக முடியாது. அதை யாரும் கேட்கவில்லை.

அதே கோடையில் இன்னொரு வேலையும் நடந்தது. அமெரிக்கப் பதிப்பாளர் ஜான் வைலி சமயப் பற்றுள்ளவர். எதிர்ப்புக்குப் பின் அவர் கேட்டபடி மெல்வில் திருத்திய பதிப்பைத் தயாரித்தார். பெண்கள் நீந்திவந்து கப்பலேறியதும் அன்றிரவு தளத்தில் நடந்த கூத்தும் பெரும்பாலும் போயின. பிரெஞ்சு ஆக்கிரமிப்பைப் பற்றிய கடும் வார்த்தைகள் போயின. ஹவாய் விவகாரத்தைப் பேசிய பின்னிணைப்பு போயிற்று. மிஷனரிகளைப் பற்றிய பக்கங்கள் போயின.

அந்தப் பக்கங்களில் ஒரு சித்திரம் மறக்க முடியாதது. ஹொனலூலுவில் ஒரு மிஷனரியின் திடகாத்திரமான மனைவி தினமும் காற்று வாங்கப் போகிறாள். வண்டியை இழுப்பவை குதிரைகள் அல்ல. இரண்டு தீவு மனிதர்கள். ஒருவர் நரைத்த கிழவர், மற்றவன் விளையாட்டுப் பையன். சமதரையில் பையன் ஏமாற்றிவிட்டுச் சும்மா நடந்துவருகிறான். பாரமெல்லாம் கிழவர் தலையில். மேடு வந்ததும் அம்மணிக்கு இறங்க மனமில்லை. இழு, இழு என்று அதட்டி, விசிறியின் கைப்பிடியால் கிழவரின் மண்டையில் தட்டுகிறாள். மெல்வில் 1843இல் ஹொனலூலுவில் மாதக்கணக்கில் இருந்தவர். பந்து உருட்டும் விளையாட்டுக் கூடத்தில் கட்டை அடுக்கியும் கடையில் கணக்கெழுதியும் பிழைத்தவர். இந்தச் சித்திரத்தில் மிகை இருக்கலாம். ஆனால், அவர் நேரில் பார்க்க வாய்ப்பிருந்த காட்சி இது. ஏரிப் படகுக்கு அந்த வாய்ப்பே இல்லை. படகு அச்சில் தங்கியது, வண்டி வெட்டுப்பட்டது.

மிஷனரிகளிடம் மெல்வில் எப்போதும் நியாயமாக நடந்தார் என்று சொல்வதற்கில்லை. தீவு மொழிகளுக்கு எழுத்தும் பள்ளிக்கூடமும் கொண்டுவந்தவர்களும் அவர்கள்தான். அவர் திருடிய தகவல்களில் பெரும்பகுதி அவர்கள் சேகரித்தது. கப்பல்காரர்கள் கொண்டுவந்த மதுவையும் மேகநோயையும் எதிர்த்துப் பேசியவர்களிலும் அவர்கள் முன்னால் நின்றார்கள். 'டைப்பி' திமிங்கலக் கப்பல்களைவிட ஜெபக்கூடங்களைத்தான் அதிகம் ஏசுகிறது. அது ஒரு மாலுமியின் ஓரவஞ்சனை.

அடுத்த ஆண்டு வந்த 'ஓமூ' இதன் தொடர்ச்சி. நுகுஹிவாவிலிருந்து அவரை ஏற்றிக்கொண்ட ஆஸ்திரேலியத் திமிங்கலக் கப்பல் 'லூசி ஆன்'. நோயாளிக் கேப்டன், அழுகிய உணவு, மாலுமிகளின் வேலைமறுப்பு, டஹிட்டியில் சிறைவாசம். சிறை என்றால் ஓலைக்கூரை. காவல்காரர் பகலில் கைதிகளை ஆரஞ்சு பறிக்க அனுப்புகிறவர். தொனி சிரிப்பு, சம்பவங்கள் பெரும்பாலும் மெய். அந்தக் கலகம் பற்றிய விசாரணை ஆவணங்கள் சிட்னியில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. மெல்விலின் பெயரும் அவற்றில் உண்டு. இலக்கியமாகப் பார்த்தால் 'டைப்பி' ஒரு படி மேல். சாட்சியமாகப் பார்த்தால் எனக்கு 'ஓமூ'தான்.

வெளியார் வரவால் இந்தப் பள்ளத்தாக்கு சீரழியும் என்று 'டைப்பி'யில் அவர் அஞ்சி எழுதியது எவ்வளவு சீக்கிரம் பலித்தது என்பதற்குப் பள்ளத்தாக்கே சாட்சி. 1863இல் பெருவிலிருந்து வந்த பெரியம்மை நுகுஹிவாவில் பரவிப் பேரழிவு செய்தது. காசநோயும் அபினும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. சிறுவயதில் 'டைப்பி' படித்து மயங்கிய ஜாக் லண்டன் 1907இல் தம் 'ஸ்நார்க்' படகில் போய்ச் சேர்ந்தபோது, காடு மூடிய கல்மேடைகளையும் நோயில் இருமும் சிலரையும்தான் கண்டார். பல்லாயிரம் பேர் வாழ்ந்த மார்க்கேசஸ் தீவுகள் அனைத்திலுமாகச் சேர்த்து 1920களில் எஞ்சியவர்கள் ஏறத்தாழ 2,000 பேர். அதன் பிறகே எண்ணிக்கை மெல்ல ஏறியது. தடைசெய்யப்பட்ட பச்சை குத்தும் கலை இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் மீண்டது. ஜெர்மானிய ஆய்வாளர் கார்ல் ஃபான் டென் ஸ்டைனென் 1897-98இல் அங்கே போய்ப் பதிவுசெய்த வடிவங்கள் அதற்குக் கைகொடுத்தன. 2024இல் யுனெஸ்கோ இத்தீவுகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

மெல்விலின் ஆயுளில் நன்றாக விற்றவை முதலிரண்டு புத்தகங்கள்தான். மனிதக்கறி தின்பவர்களோடு வாழ்ந்தவன் என்ற பேரோடுதான் பின்தலைமுறைக்குப் போய்ச் சேரப்போகிறேன் என்று 1851இல் ஹாதர்னுக்குக் கடிதத்தில் சலித்துக்கொண்டார். 'மோபி டிக்' விற்கவில்லை. 1866 முதல் 19 ஆண்டுகள் நியூயார்க் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாகச் சரக்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தவர், 1891இல் காலமானார்.

இன்று 'டைப்பி' வாங்குகிறவர்கள் பின்னட்டையைவிடக் கடைசிப் பக்கங்களைப் பார்ப்பது நல்லது. வெட்டுப்பட்ட அமெரிக்கப் பதிப்பு, வெட்டுப்படாத லண்டன் பதிப்பு இரண்டுமே வெவ்வேறு மறுபதிப்புகளாகப் புழங்கி வந்திருக்கின்றன. 1968இல் நார்த்வெஸ்டர்ன்-நியூபெர்ரி ஆய்வுப்பதிப்பு முழுப் பாடத்தை மீட்டுத் தந்தது. ஹவாய் பற்றிய பின்னிணைப்பு இருந்தால், விசிறிக்காரியின் வண்டியும் உள்ளே இருக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம்.